தம்மைத் தாமே படம் பிடிப்போர்க்குக் காமிராவும் லென்ஸும்

பயிர்த்தொழிலில் ஒருவர் கண்ட நல்ல முறை அடுத்த ஊரை எட்டுவதற்கு முற்காலத்தில் ஆண்டுகள் பல ஆயின. பின்னர் வானொலி வந்தது. அதனைத் தொடர்ந்து தொலைக்காட்சி வந்தது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டெல்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களுக்கென ‘கிருஷி தர்ஷன்’ என்னும் வேளாண் நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் ‘வயலும் வாழ்வும்’ என்னும் பெயரைக் கேள்விப்படாத உழவர் குடும்பம் அரிது. இவை யாவும் நிலையத்திலிருந்து கிராமத்தை நோக்கி வந்தவை. இன்றோ, மேலூர்ப் பக்கம் நெல் பயிரிடும் ஒருவர் தம் வயல் வரப்பில் நின்றவாறே தம்மைத் தாமே படம் பிடித்து, தாம் அறிந்ததை யூடியூப் வாயிலாக உசிலம்பட்டிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும் அனுப்ப இயலுகிறது.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் இளைஞர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் நம்மிடம் முதலில் கேட்பது, “எந்தக் காமிரா வாங்கலாம்?” என்பதே. கேள்வி சிறிது, ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் சேமிப்போ, குழுவின் கடனோ அடங்கியிருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க புதிய காமிரா ஒன்று லென்ஸுடன் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அத்தொகை உழவர் வீட்டில் ஒரு கறவை மாட்டின் விலை. ஆகவே எதனை வாங்குவது, எதனை வாங்காது விடுவது, எந்த வரிசையில் வாங்குவது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

காண்போர் நாடுவது யாது?

பெங்களூரில் இயங்கும் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 2006ஆம் ஆண்டு ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் ஒரு சோதனை தொடங்கப்பெற்றது. கர்நாடகக் கிராமங்களில் உழவர்களையே பேச வைத்து, சாதாரணக் கையடக்கக் காமிராவும் ஒரு தாங்கியும் கொண்டு படம் பிடித்து, அதனை அக்கம்பக்கத்து உழவர்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டினார்கள். 16 கிராமங்களில் 13 மாத காலம் நடைபெற்ற இச்சோதனையில், செலவிட்ட பணத்தோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து, வழக்கமான விரிவாக்க முறையைக் காட்டிலும் இம்முறை பத்து மடங்கு பயன் தந்ததெனக் கண்டனர். படத்தில் பேசியவர் தம்மைப் போன்ற ஓர் உழவர் என்பதையே பார்த்தவர்கள் பெரிதாகக் கொண்டனர். படத்தின் பளபளப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், உழவுக் குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்கள் சிலர் தம் தாத்தாவுடன் கூடி 2018ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் சமையல் ஒளிபரப்பைத் தொடங்கினர். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரத்தில் சமைத்து, ஊராருக்குப் பரிமாறுவதே அவர்கள் காட்டிய காட்சி. 2021ஆம் ஆண்டில் தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய யூடியூப் ஒளிபரப்பு இதுவே. அவ்வாண்டு கொரோனா நிவாரணத்துக்கென முதலமைச்சரின் நிதிக்கு இவர்கள் பத்து இலட்சம் ரூபாய் வழங்கியதையும் நாடறியும். வெளிச்சம் நிறைந்த வெட்டவெளி, உரத்த தெளிவான குரல், காண்போர் நன்கறிந்த ஊர்ச்சூழல் ஆகிய மூன்றும் இவர்களுக்குப் பெருந்துணை புரிந்தன என்பதைப் படம் பிடிக்கப் புகுவோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

எனினும் எல்லோருக்கும் இத்தகைய வெற்றி கிட்டும் என்று எண்ணிக் கடன் வாங்குதல் தகாது. யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன், கடந்த 12 மாதங்களில் நம் படங்கள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் குறும்படங்கள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். ஐந்து நிமிடப் படத்தை முழுமையாகப் பார்ப்பவர் 48,000 பேர் இருந்தால்தான் அக்கணக்கு நிறையும். அதன் பிறகே முதல் ரூபாய் வரும். கடனுக்கான வட்டியோ முதல் மாதத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

கையிலுள்ள கைப்பேசியே முதற் காமிரா

வீட்டில் ஏற்கெனவே உள்ள கைப்பேசியைக் கொண்டு குறைந்தது பத்துப் படங்களாவது எடுத்து முடிக்கும் வரை வேறு காமிரா வாங்கவேண்டுவதில்லை. கைப்பேசியில் இரு பக்கமும் லென்ஸ் உண்டு. முகத்தை நோக்கியுள்ள முன்பக்க லென்ஸைக் காட்டிலும் பின்பக்கத்து முதன்மை லென்ஸ் பெரும்பாலான கைப்பேசிகளில் தரத்தில் உயர்ந்தது. ஆனால் அதனைப் பயன்படுத்தும்போது திரை நமக்குத் தெரிவதில்லை என்பர். கைப்பேசிக்குப் பின்னே, சவரம் செய்துகொள்ளும் சிறு கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால், திரையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதிலே தெரியும்.

அடுத்து, நிற்கப்போகும் இடத்தில் ஒரு கம்பை நட்டு, திரையில் அக்கம்பின்மீது விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் தெளிவும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பின்னர்க் கம்பை எடுத்துவிட்டு அவ்விடத்தில் நின்று பேசலாம். பின்னால் ஆடும் தென்னங்கீற்றின் மேல் காமிராவின் கவனம் தாவி, முகம் மங்கிப்போகும் குறை இதனால் நீங்கும்.

முதலில் செலவிடவேண்டிய இரண்டு பொருள்கள்

முதற் செலவு ‘டிரைபாட்’ என்னும் மூன்று கால் தாங்கிக்கு. கையில் பிடித்து எடுக்கும் படம் ஆடும். ஆடும் படத்தை எவரும் நெடுநேரம் காண்பதில்லை. வரப்பில் வைப்பதற்கு ஏற்றவாறு மூன்று கால்களையும் தனித்தனியே நீட்டவும் குறைக்கவும் கூடிய தாங்கியாகப் பார்த்து வாங்கவேண்டும். காற்று வீசும்போது அதன் நடுவே ஒரு மணற்பையைக் கட்டித் தொங்கவிடலாம்.

இரண்டாவது செலவு சட்டையிலோ சேலையிலோ குத்திக்கொள்ளும் காலர் மைக்குக்கு. படம் சிறிது மங்கலாயிருப்பினும் காண்போர் பொறுத்துக்கொள்வர்; சொல் காதில் விழவில்லையெனில் அடுத்த படத்துக்குச் சென்றுவிடுவர். தாங்கி மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும்போது, கைப்பேசியிலேயே உள்ள மைக்கு நம் குரலுடன் பம்புசெட்டின் ஓசையையும் பேருந்தின் ஒலியையும் சேர்த்தே வாங்கும். மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் அளவில் குத்திக்கொண்டால் குரல் தெளிவாக அமையும். மதுரைச் சமவெளியில் ஆடி மாதம் அம்மியும் பறக்கும் காற்று என்பது நாம் அறிந்ததே. அக்காலத்தில் மைக்கின் மேல் பஞ்சு உறையோ, அதனினும் மேலான உரோம உறையோ மாட்டாமல் வெளியில் படம் எடுப்பது வீண் வேலை.

ஒளிக்குக் காசில்லை

காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையிலும், மாலை நான்கரை மணிக்கு மேலும் கிடைக்கும் சாய்ந்த வெயில் முகத்துக்கு ஏற்றது. உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டு தோன்றும். நடுப்பகலில் எடுக்க நேர்ந்தால் வேப்பமர நிழலின் விளிம்பில், திறந்த வெளியை நோக்கி நிற்றல் வேண்டும். வானத்தை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டால் முகம் கரிய நிழலாகிவிடும். வீட்டுக்குள் எடுப்போர் சன்னலுக்கு முகத்தைக் காட்டி அமர்தல் நன்று.

விளக்கொளியில் எடுக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் சில குழல் விளக்குகளின் கீழ் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக ஒளி துடிக்கும். காமிராவில் நொடிக்கு 25 படம் என்றும், திறப்பு நேரம் 50இல் ஒரு பங்கு நொடி என்றும் அமைத்துக்கொண்டால் இத்துடிப்பு அடங்கும்.

லென்ஸின் கணக்கு

மேற்கூறியவற்றைச் செய்தும் போதாது என்று உணர்பவர் காமிராவைப் பற்றி எண்ணலாம். அப்போதும் லென்ஸைப் பற்றியே முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

லென்ஸின் மேல் 16, 24, 35, 50 என மில்லிமீட்டரில் பொறித்திருப்பது அதன் குவியத் தூரம். எண் சிறிதானால் காட்சி அகலும். எண் பெரிதானால் காட்சி குறுகி, பொருள் அருகில் தோன்றும். எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பதை நாமே கணக்கிடலாம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளியுணரியைக் கொண்ட முழு அளவுக் காமிராவில், நாம் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் அகலம் கிடைக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் 24 மி.மீ. லென்ஸ் மூன்று மீட்டர் அகலத்தைக் காட்டும், 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் காட்டும், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே காட்டும்.

விலை குறைந்த காமிராக்களில் ஒளியுணரி இதனினும் சிறியது. ஏபிஎஸ்-சி எனப்படும் அவ்வகையில் லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனன் காமிராவானால் 1.6ஆல் பெருக்கவேண்டும். அவ்வாறாயின் அவற்றில் 16 மி.மீ. லென்ஸ், முழு அளவுக் காமிராவின் 24 மி.மீ. லென்ஸுக்கு நிகராகும். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸும் ஏறத்தாழ இந்த 24 மி.மீ. அளவினதே.

காமிராவைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தவாறே பேசுவோருக்கு முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே 60 சென்டிமீட்டரே இருக்கும். 24 மி.மீ. அளவில் அப்போது 90 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கிறது. முகமும் தோளும் பின்னேயுள்ள வயலும் அடங்கும். 50 மி.மீ. அளவில் 43 சென்டிமீட்டரே கிடைக்கும். முகம் மட்டுமே திரையை அடைத்து நிற்கும். ஆகவே கையில் பிடித்து எடுப்போருக்கு 24 மி.மீ. அளவோ அதற்குக் குறைவானதோ தேவை. தாங்கியில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசுவோருக்கு 35 மி.மீ. அளவு பொருந்தும். 24 மி.மீ. லென்ஸை மிக அருகில் வைத்தால் மூக்கு பெரிதாகத் தோன்றுமே என்று சிலர் வருந்துவர். அது லென்ஸின் குற்றமன்று. நெருங்கி நின்றதன் விளைவு. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அக்குறை தோன்றாது.

லென்ஸில் காணப்படும் மற்றோர் எண் எஃப் 1.8, எஃப் 3.5 என்பன போன்றது. இது ஒளி புகும் துளையின் அளவைக் குறிக்கும். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 துளை, எஃப் 3.5 துளையைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

மதுரை மல்லிகையை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இம்மலரின் மொட்டைப் பொழுது புலருமுன் தலைவிளக்குடன் பறிப்பவர் பலர். அந்நேரத்தில் பறிப்பைக் காட்ட விரும்புவோருக்கு எஃப் 1.8 லென்ஸ் உண்மையிலேயே உதவும். ஆனால் நவம்பர்க் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்வதைப் பகலில் காட்டுவோருக்கு அந்த லென்ஸால் தனிப் பயன் இல்லை, தீங்கும் நேரலாம். துளை பெரிதாயிருக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். கத்தரியின் முனை தெளிவாக இருந்தால் முகம் மங்கும், முகம் தெளிவானால் வெட்டும் இடம் மங்கும். பயிற்றுவிக்கும் படத்துக்கு எஃப் 5.6 அளவில் துளையைச் சுருக்கி, செடியும் ஆளும் ஒருங்கே தெளிவாகத் தெரியுமாறு எடுத்தலே முறை. அதன்பின், வெட்டிய இடத்தை அரை முழத் தூரத்திலிருந்து தனியே ஒரு முறை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

காமிராவில் பார்க்கவேண்டியவை

தம்மைத் தாமே எடுத்துக்கொள்பவருக்குக் காமிராவின் பின்னே ஆள் இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவிற் கொண்டால் தேர்வு எளிதாகும்.

முதலாவதாக, திரை பக்கவாட்டில் திறந்து முன்னோக்கித் திரும்பக்கூடியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, முகத்தைத் தானே கண்டறிந்து தொடர்ந்து தெளிவாக்கும் ஆற்றல் வேண்டும். மூன்றாவதாக, வெளி மைக்கைச் செருகும் துளை இருக்கவேண்டும். இது இல்லாத காமிராவை விலை குறைவென்று வாங்கலாகாது. நான்காவதாக, எவ்வளவு நேரம் தொடர்ந்து பதியும் எனக் கேட்டறிய வேண்டும். பழைய காமிராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானே நின்றுவிடும். ஐந்தாவதாக, கைப்பேசி வாயிலாகவே பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் வசதி இருப்பின் நலம்.

2021ஆம் ஆண்டில் வெளிவந்த சோனி இசட்வி-இ10, 2022ஆம் ஆண்டில் வெளிவந்த நிகான் இசட்30 ஆகிய இரண்டும் இத்தேவைகளை எண்ணியே செய்யப்பட்டவை. இரண்டும் 16 முதல் 50 மி.மீ. வரை மாறும் லென்ஸுடன் விற்கப்பட்டன. ஒரு நிறுவனத்தை உயர்த்திக் கூறுவது நம் நோக்கமன்று. இவ்வகையில் எதனைப் பார்ப்பது என்பதற்கு இவை சான்று. உடன் வரும் இந்த ஒரு லென்ஸே முதல் ஆண்டுக்குப் போதும்.

‘4கே’ என்னும் சொல்லைக் கண்டு மயங்குதல் வேண்டா. 2018ஆம் ஆண்டில் வந்த கேனன் எம்50 காமிராவில் 4கே உண்டு. ஆனால் அவ்வளவில் எடுக்கும்போது காட்சி மேலும் குறுகுவதுடன், முகத்தைத் தொடரும் திறனும் தாழும். 1920க்கு 1080 என்னும் அளவே கைப்பேசித் திரையில் காண்போருக்குப் போதுமானது. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிந்தால் நிமிடத்துக்கு 750 மெகாபைட் இடம் பிடிக்கும். கிராமத்து அலைவரிசையில் அத்துணைப் பெரிய கோப்பை ஏற்றி முடிப்பது பெரும் பாடு.

வெயிலும் புழுதியும்

பெரும்பாலான காமிராக்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலும், கைப்பேசிகள் பல 35 டிகிரி வரையிலும் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயில் இவ்வெல்லையைத் தொடும், தாண்டுவதும் உண்டு. அக்காலத்தில் குடையின் நிழலில் காமிராவை நிறுத்தி, சிறு சிறு துண்டுகளாக எடுக்கவேண்டும். லென்ஸில் படிந்த புழுதியைத் தோள் துண்டால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்; ரப்பர்க் குமிழால் ஊதிய பின்பே மெல்லிய துணியைத் தொடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸினுள் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் அதனைத் தடுக்கலாம். பழைய லென்ஸ் வாங்குவோர் அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் உளவா எனப் பார்த்தே பணம் தரவேண்டும்.

ஊராட்சியும் குழுவும் செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டிலும் காமிரா இருக்கவேண்டிய தேவையில்லை. ஒரு தாங்கியும் இரண்டு மைக்குகளும் கொண்ட பையைச் சுய உதவிக் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பொதுவில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் எழுதி உறுப்பினர்களுக்கு முறை வைத்து வழங்கலாம். ஆறு மாத காலம் அப்பை ஓயாமல் உழைத்திருப்பின், அதன் பிறகு காமிரா வாங்குவது பற்றிக் கூட்டத்தில் பேசலாம். பூச்சிமருந்தின் அளவையோ உரத்தின் அளவையோ படத்தில் கூறுமுன், வேளாண்மை உதவி அலுவலரிடமோ, 1965ஆம் ஆண்டு முதல் மதுரையில் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரியிலோ சரிபார்த்தல் இன்றியமையாதது. வாயால் கூறிய பிழை ஒரு வயலைக் கெடுக்கும். படத்தில் கூறிய பிழை பல்லாயிரம் வயல்களுக்குச் செல்லும். வேலை செய்யும் பெண்களையும் குழந்தைகளையும் அவர்தம் இசைவின்றிப் படத்தில் சேர்த்தலும் கூடாது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. தாங்கி முதலில், மைக்கு இரண்டாவது, தேவைப்படின் காமிராவும் அதனுடன் வரும் லென்ஸும் மூன்றாவது, இரவுப் பணிக்கு எஃப் 1.8 லென்ஸ் நான்காவது என்னும் வரிசையைப் பின்பற்றுவோர் நட்டப்படமாட்டார். பல்லாண்டுக் காலம் பயிர் செய்து பழுத்த பெரியோர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கிணற்று நீரின் சுவையைக் கொண்டே மண்ணுக்கேற்ற பயிரைக் கூறவல்ல அவர்தம் அறிவு எழுத்தில் இல்லை. புதிய காமிராவுக்குப் பணம் சேரும் வரை அவர்கள் பேச்சைப் பதியாது காத்திருத்தல் சரியன்று. இவ்வாரமே ஒரு காலைப் பொழுதில், கையிலுள்ள கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி அப்பணியைத் தொடங்குவோமாக.